கட்டியக்காரர் வருகிறார், பராக்!

பராக், பராக்! சென்னைப் பெருங்களத்தூரில் திருவவதாரம் செய்தவரும், கப்பலேறி வங்கக் கடல் கடந்து அந்தமானின் ஹாடோ துறையில் கயிறு கட்டி இறக்கப்பெற்றவரும், இன்று புரோத்ராபூரில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சியின் தகரக் கொட்டகையில் திருக்கோலம் கொண்டிருப்பவருமாகிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு பெருமான் வீதியுலா புறப்படுகிறார். எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள். பக்தியால் ஒதுங்கினாலும் சரி, உயிர்மேல் ஆசைவைத்து ஒதுங்கினாலும் சரி, பெருமான் பேதம் பார்ப்பதில்லை.

ஹெரால்டு என்றால் கட்டியக்காரர். மன்னர் வருமுன் ஓடிவந்து வருகையை அறிவிக்கும் பெரிய உத்தியோகம். அந்தப் பேரை வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சீவக சிந்தாமணியிலும் கட்டியங்காரன் என்றோர் அமைச்சர் பெருந்தகை உண்டு. சச்சந்த மன்னன் அவரை நம்பி நாட்டை ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தில் நிம்மதியாக இருந்தான். நம்பிக்கைக்குப் பாத்திரமான அமைச்சர் நாட்டோடு அவன் உயிரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அரசி விசயை மட்டும் மயிற்பொறியில் ஏறித் தப்பினாள். அந்த அமைச்சரின் விசுவாசம் துளியும் சிந்தாமல் நம் கட்டியக்காரரின் பின்னச்சில் குடிகொண்டிருக்கிறது. ஸ்டெப்னி, ஜாக்கியோடு ஒரு மயிற்பொறியும் வைத்துக் கொடுத்திருந்தால் குறையேதும் சொல்வதற்கில்லை.

குலமும் சாமானியமான குலமல்ல. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் வம்சத்தில் பிறந்தார். திருமேனியை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துச் சிற்பி ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் நம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் சுவீகாரம் எடுத்துத் தங்கள் இனிஷியலைப் போட்டு வளர்த்தார்கள். முன்புறம் மொத்தமும் முதலை வாய்போலத் திறந்து எஞ்சின் தரிசனம் தரும். 25 அடி வட்டத்துக்குள் பம்பரமாகத் திரும்பிவிடுவார். அம்பாஸடர்க்காரர் தெருமுனையில் நாலு தடவை ரிவர்ஸ் எடுத்து மல்லுக்கட்டுவதை இவர் ஏளனமாகப் பார்த்துக்கொண்டே போன காலம் ஒன்று இருந்தது. ஆனால் இவையெல்லாம் பரிவார தேவதைகள். மூலவர் பின்னால் இருக்கிறார்.

அதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுவோம். இது ஸ்போர்ட்ஸ் கார்தானா என்று அற்பர் சிலர் கேட்கிறார்கள். அண்ணாச்சி அதற்குச் சொல்லும் நியாயத்தை எந்த நீதிமன்றமும் மறுக்க முடியாது. 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை உலகமே ஸ்போர்ட்ஸ் கார் என்கிறது. அது ஹெரால்டின் சேஸிஸையே நீளம் குறைத்து அதன்மேல் கட்டியது. பின்னச்சும் அதே பின்னச்சு. "தம்பி ஸ்போர்ட்ஸ் காருன்னா அண்ணன் மட்டும் என்ன மாட்டு வண்டியா?" சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஹெரால்டுகள் பந்தயம் ஓடியதையும் சேர்த்துக்கொண்டால் 948 சிசி எஞ்சின் தானாகவே உறுமத் தொடங்கிவிடும். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார்தான். அண்ணாச்சி பானெட்டில் இரண்டு வெள்ளைக் கோடும் போட்டுவிட்டார். இனி சந்தேகம் கொள்வது பாவம்.

மூலவரைத் தரிசிப்போம். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைந்த பின்னச்சுகளில், ஒவ்வொரு ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியல் பக்கம் ஒரு கிராஸ், சக்கரத்துப் பக்கம் ஒரு கிராஸ் என்று இரண்டு மூட்டு வைப்பது உலக வழக்கம். ஷாஃப்ட் மேலே போனாலும் கீழே போனாலும் சக்கரம் நிமிர்ந்து நிற்கும். வீண் ஆடம்பரம்! நம் பெருமானுக்கு உள்பக்கம் ஒரே மூட்டு. மறுமுனையில் சக்கரம், கம்பியில் பிடித்த குடை போல விறைப்பாக நிற்கிறது. கம்பி சாய்ந்தால் குடையும் சாயும். முழங்கால் ஒன்று இருந்தால் போதாதா, கணுக்காலும் எதற்கு என்று கேட்ட சிக்கனத்தை நிதியமைச்சர்கள் நேரில் வந்து படிக்க வேண்டும்.

அதன்மேல் காவடி. ஆம், காவடியேதான். டிஃபரன்ஷியலின் உச்சந்தலையில் குறுக்காக ஒரே ஒரு பட்டைச் செட். அதன் ஒரு முனையில் இடச் சக்கரம், மறுமுனையில் வலச் சக்கரம். பட்டைகள் எல்லாம் நடுவில் டிஃபரன்ஷியலோடு இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அந்தச் சேதி காவடி வழியே மறுபக்கத்துக்குப் போய்ச் சேராது. ஒரே காவடியில் தொங்கிக்கொண்டே ஒருவர் துன்பத்தை மற்றவர் கண்டுகொள்ளாத இந்தக் கூட்டுக்குடும்பப் பண்பை இன்றைய கார்களில் எளிதில் காண முடியாது.

இந்தக் காவடி ஆடும் இடம் வளைவு. ஆட்டம் தொடங்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வளைவுக்குள் சற்று வேகமாக நுழைந்து, நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது, பின்புறம் எழும்புகிறது. தரையோ வெளிப்பக்கச் சக்கரத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. கழி ஊன்றித் தாண்டும் வீரனைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் அந்தச் சக்கரத்தை ஊன்றிக்கொண்டு பெருமான் மேலே எழுகிறார். எழ எழச் சக்கரத்தின் பாதம் வண்டிக்கு அடியில் மடிகிறது. மடிய மடிய அவர் இன்னும் எழுகிறார். டயரின் ஓரம் மட்டும் தரையை முத்தமிட்டுக்கொண்டிருக்கும் அந்த இடத்தில், பின்பகுதி முன்பகுதியை முந்தப் புறப்படுகிறது. முன்னால் இருப்பவன் என்றும் முன்னாலேயே, பின்னால் வருபவன் என்றும் பின்னாலேயே என்ற அநீதியை இத்தனை விரைவாகத் திருத்தியமைத்த சீர்திருத்தவாதி இன்னொருவர் பிறந்ததில்லை. வந்த வழியை மறவாமல் திரும்பிப் பார்க்க வைக்கும் நன்றியுணர்வையும் சொல்ல வேண்டும். துணிந்து அழுத்தியவனைக்கூட மன்னித்துவிடுவார், அஞ்சிக் காலை எடுத்தவனைத்தான் தண்டிப்பார். கோழைத்தனத்தைக் கண்டு பொறுக்காத க்ஷத்திரிய குணம்!

இன்னொரு கருணையும் உண்டு. பின் சீட்டில் பாட்டி, அத்தை, மூன்று பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை என்று பாரம் ஏறினால் பட்டை அமுங்கி, சக்கரங்கள் மேலே உள்வாங்கிக் கீழே அகட்டி நிற்கும். பழைய சென்னைக்காரர்களுக்கு இந்தக் கோலம் நன்றாக நினைவிருக்கும். டயரின் உள்ளோரம் சீக்கிரமே வழுக்கையாகும், ஆனால் வளைவில் பெருமான் பசுவாகிவிடுவார். குடும்பஸ்தர்களுக்கு அபயம் தந்து, தனியாகப் போகிறவனை மட்டும் சோதிக்கும் தெய்வம்.

போன மழையில் கொட்டகைக்குள் போய் அருகிருந்து தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. அண்ணாச்சி பின்னால் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். கன்றுக்குட்டி எழுந்து நிற்கப் பழகுவது போல, இரண்டு சக்கரங்களும் கீழ்ப்பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கோணித் தொங்கின. ஜாக்கியை இறக்கியும் கோணல் போகவில்லை. பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். வண்டியைப் பத்தடி உருட்டிய பிறகுதான், போனால் போகட்டும் என்று கால் நேரானது. "அண்ணே, வண்டிக்கு வாதமா?" என்று கேட்டான் பட்டறைப் பையன். பக்குவமில்லாத பிள்ளை.

பையனுக்கு இன்னும் உபதேசம் பாக்கியிருக்கிறது. பின் பேரிங் மாற்றும் நாள் வரட்டும். ஷாஃப்டின் கூம்பு முனையில் ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும். புல்லர் போடு, சுத்தியலால் தட்டு, சூடு காட்டு, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள், எதற்கும் அசையாது. புல்லர்தான் உடையும். இந்தக் குடும்பத்து வண்டிகளில் சில சமயம் ஷாஃப்டே ஹப்புக்குப் பக்கத்தில் முறிந்து, சக்கரம் பிரேக் டிரம்மையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தனியே தேசாந்திரம் கிளம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றறுக்கும் இந்தத் துறவு பட்டினத்தாருக்கும் எளிதில் வாய்த்ததல்ல.

இத்தகைய மகிமையை மேல்நாட்டார் அனுபவிக்கத் தெரியாமல் கெட்டார்கள். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965இல் ஒரு நூல் எழுதி, அதன் முதல் அத்தியாயத்திலேயே செவ்ரோலெ கார்வேரின் இதே ஜாதிப் பின்னச்சைக் கூண்டில் ஏற்றினார். அந்த நிறுவனமோ 1965ஆம் ஆண்டு மாடலிலேயே பின்னச்சை மாற்றிவிட்டிருந்தது. எவ்வளவு அவசரம் பாருங்கள். டிரையம்ஃப் பிரபுக்கள் அப்படியல்ல. நிதானஸ்தர்கள். 1966இல் ஜிடி6 என்று வலுவான எஞ்சினை ஏற்றி, அதற்கும் இதே காலைக் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் வாயை மூட முடியாமல் 1968இல் கீழே ஒரு விஷ்போனும் ஷாஃப்டில் ரப்பர் மூட்டும் வைத்தார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 1970இல்தான் வைத்தியம் நடந்தது. அதுவும் என்ன பெரிய வைத்தியம்? காவடியில் ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் ஊசலாட விட்டார்கள். முன்னால் ஆன்டி-ரோல் பாரைச் சற்றுத் தடிமனாக்கினார்கள். அவ்வளவுதான், ஆட்டம் அடங்கிவிட்டது. இத்தனை எளிய மருந்தைக் கண்டுபிடிக்கப் பதினொரு வருடம் காத்திருந்த பொறுமைக்கு எந்த முனிவர் ஈடாவார்?

சென்னையில் பொறுமை இன்னும் செழித்தது. 1971 வரை நம் பெருமான் அதே ஒற்றை மூட்டுக் காலோடு நாடாண்டார். பிறகு 1972இல் கெஸல் என்ற வாரிசைக் கொண்டுவந்தவர்கள், மெக்கானிக்குகளும் வாங்குகிறவர்களும் முகம் சுளிக்கிறார்கள் என்ற அற்பக் காரணத்துக்காகப் பின்னால் ஒரே தண்டாகக் கட்டை ஆக்ஸிலை மாட்டிவிட்டார்கள். சுதந்திரமான காலை எடுத்துவிட்டுக் கட்டைக் கால் வைத்து, அதையே முன்னேற்றம் என்று சொன்ன கலியை என்னென்பது?

அந்த வரலாற்றுப் பிழையைத் திருத்தப் பிறந்தவர்தான் எங்கள் அண்ணாச்சி. பின் சஸ்பென்ஷனை அப்கிரேட் செய்யப்போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் பதறிப்போனேன். ஊசலாடும் பட்டைச் செட்டைப் போட்டுப் பெருமானைச் சாதுவாக்கிவிடுவாரோ என்ற பயம். வாய் தவறிக் கேட்டும்விட்டேன். "அண்ணாச்சி, அந்த ஸ்விங் ஸ்பிரிங் போடுதீங்களோ?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சிறுத்துப்போனேன். "அதப் போட்டா ஒரிஜினல் போயிரும்லா, தம்பி!"

ஒரிஜினலைக் காப்பாற்றும் அந்த வைராக்கியத்தோடு அவர் என்னென்ன செய்தார் என்று சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கேளுங்கள். மெயின்லேண்டில் ஒரு பட்டறையில் சொல்லிவைத்து, காவடிக்குக் கூடுதலாக இரண்டு பட்டைகளை வரவழைத்தார். எங்கள் ஊர்ப் பள்ளங்களில் அடி தட்டக் கூடாதல்லவா? இப்போது பெருமானின் பின்புறம் மூன்று விரற்கடை உயர்ந்து நிற்கிறது. ஜாக்கி கொடுத்துத்தான் காண வேண்டியிருந்த அந்தக் கோணல் தரிசனம், தரையில் நிற்கும்போதே பாதி கிடைக்கிறது. வளைவில் எழுவதற்கு அவர் இனி முதல் படியிலிருந்து சிரமப்பட வேண்டியதில்லை, பாதிப் படியில் ஏற்கனவே நிற்கிறார். அடுத்து அலாய் வீல், அதில் அகல டயர். பழைய ஒல்லி டயராவது வழுக்கிப்போய்ச் சமயத்தில் காரியத்தைக் கெடுத்திருக்கும். அகல டயர் தரையை விடாமல் கவ்வும். ஊன்றுகிற கழி வழுக்காமல் இருந்தால்தானே உயரம் தாண்ட முடியும்? கடைசியாகப் பட்டைச் செட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட். ஒரிஜினலில் இது எதுவும் கிடையாதே என்று குதர்க்கம் பேசுவோர், அந்த ஒற்றை மூட்டை அவர் தொடவே இல்லை என்பதை மனத்தில் கொள்க.

பெருமானுக்கு இத்தீவைப் போல் பொருந்திய அரங்கமும் வேறில்லை. மே தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் முறைவைத்துச் சாலையைக் கழுவித் தருகின்றன. மரத்தடி வளைவுகளில் பாசியும் சருகும் பூம்பட்டு விரித்திருக்கின்றன. உப்புக் காற்றோ சேஸிஸை வருடி வருடித் துருவாகப் பொன் பூசிக்கொண்டிருக்கிறது. சிடியாடாப்பு போகும் சாலையில் மேடும் பள்ளமும் திருப்பமுமாக, ஆக்ஸிலரேட்டரிலிருந்து பயந்து காலை எடுக்க எத்தனையோ புண்ணிய ஸ்தலங்கள். இந்த ஊரில் மாவட்டச் சிறை ஒன்றும் இருக்கிறது. உயர்ந்த மதில் சூழ்ந்திருப்பதால், பெருமான் உலா வரும் சாலைக்கு வந்து அருள் பெறும் வாய்ப்பு உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை.

அண்ணாச்சி வருகிற ஞாயிறு காலை, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சிடியாடாப்புக்குப் புறப்படுகிறார். கூட வர விரும்பும் அன்பர்கள் முன்னதாகவே வந்து சொல்லிவைக்கலாம். முன் சீட்டில் ஓர் இடம்தான் இருக்கிறது. பின் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. பாரம் ஏறினால் வண்டி ஒழுங்காகப் போய்விடுகிறதாம்.