பேரன் வைக்கும் பரீட்சை

ஏனுங்க, ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்குப் போற பேரன், வீட்டுக்கு வந்து எனக்கே பரீட்சை வைக்கிறானுங்க. இது எந்த ஊர் நியாயமுங்க?
*– வாசகி, சூலூர்*

முத்துக்குளித்துறை நியாயம், அம்மா! 1540களில் அங்கே போதித்த பிரான்சிஸ் சவேரியார், கற்றதைப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தரும்படி பிள்ளைகளைத்தான் வீட்டுக்கு அனுப்பினார். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த முதல் நூலே மறைக்கல்வி நூல்தான், அதாவது ஞானோபதேசம்: 1578இல் கொல்லத்தில் வந்த ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது.

ஒப்பித்த பாடம் நாக்கோடு நின்றுவிடும். வீட்டில் உட்கார்ந்து பேசினால்தான் அது நம்பிக்கையாக இறங்கும். மதிப்பெண் போனால் போகட்டும், பேரனுடைய வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.