ஆந்தைக்கு ஜெர்மன் வந்துவிட்டது!

கேள்வி: ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்காக மொபைல் ஆப்பில் ஜெர்மன் படிக்கிறேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வர மறுக்கிறது. கம்ப்யூட்டர் மொழி கற்றுத் தருமா, தராதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தரும். உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தந்துவிட்டது, வாய்க்குத்தான் பாக்கி!

மறதிக்குக் கம்ப்யூட்டரைவிட நல்ல வைத்தியர் கிடையாது. படித்தது எத்தனை வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் தலையிலேயே சோதித்து, 1885-இல் புத்தகமாகப் போட்டார். (ஜெர்மன்காரர்தான், கவலைப்படாதீர்கள், அவருக்கும் மறந்திருக்கிறது.) 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அந்த மறதிக்கு மருந்தாக, வார்த்தை அட்டைகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் ஒரு பெட்டி முறையைச் சொன்னார். தெரிந்த வார்த்தை பின்னறைக்குப் போய், நாள் கழித்துத் தலைகாட்டும். தெரியாதது கடன்காரன்போல அடிக்கடி வாசலில் நிற்கும். ஆன்கி மாதிரி மென்பொருள்கள் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான்.

ஆந்தைச் சின்னத்தை வைத்துப் பயமுறுத்தும் டியோலிங்கோ ஆப்பில் கிளிங்கான் என்ற கற்பனை மொழிக்கும் பாடம் உண்டு. அதைப் படித்தவர், பேச ஆள் இல்லையே என்று சாக்குச் சொல்லலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஜெர்மன் நோயாளி எங்கே வலிக்கிறது என்பதற்கு நான்கு விடை கொடுத்து, சரியானதைத் தொடச் சொல்லமாட்டார்.

வார்த்தைகளை ஆப்பிடம் விடுங்கள். பேச்சுக்கு வீடியோ காலில் ஒரு மனிதரைப் பிடியுங்கள். ஆள் கிடைக்காத இரவில் சாட்பாட்டுக்கு நோயாளி வேஷம் கட்டிவிடுங்கள். எவ்வளவு உளறினாலும் வேறு நர்ஸைக் கூப்பிடாது. கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 நிலை ஜெர்மன் பேச்சுத் தேர்வில் பக்கத்தில் இருப்பவரோடு பேசி ஏதாவது திட்டமிடச் சொல்வார்கள். அங்கே ஆந்தைக்கு அனுமதியில்லை.