மாமியாருக்குச் செய்தது கணக்கில் வராது

அனுப்புநர்: காலாவதியான ஒரு நர்சிங் அசிஸ்டன்ட்

பெறுநர்: மாட்சிமை பொருந்திய நர்சிங் உதவியாளர் பதிவேடு அவர்கள், அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் ஒன்று

பொருள்: என் கைகள் தொழிலை மறந்துவிட்டதாகத் தாங்கள் கண்டறிந்தமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

பார்வை: தங்கள் இணையதளத்தில் என் பெயருக்கு எதிரே உள்ள 'காலாவதி' என்ற ஒற்றைச் சொல்

பெருமதிப்பிற்குரிய பதிவேடு அவர்களே,

தங்களுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். தங்கள் தொலைபேசியை இதுவரை மனிதக் குரல் எடுத்ததில்லை, ஒருவேளை தெய்வமாக இருந்துவிட்டால் எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் தளத்தில் பெயரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் என் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளலாம். கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனார்கூடத் தட்டிப் பார்த்துவிட்டாள். முதலில் அகப்படவில்லையாம். கடைசிப் பெயர் என்று தாங்கள் கேட்கும் கட்டத்தில் என் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அதாவது, தங்கள் கணக்குப்படி அமெரிக்காவில் முதியோரைக் குளிப்பாட்டிவிட்டுக் காலாவதியானவர், திருவாரூர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற என் தகப்பனார். எப்படியோ தேடிக் கண்டுபிடித்த நாத்தனார் போனில் கேட்டாள்: "அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்கு அங்க ஏதாச்சும் சர்ட்டிபிகேட் குடுப்பாங்கன்னு நெனச்சேன். இருந்ததையும் பிடுங்கிட்டாங்களா அண்ணி?"

பிடுங்கித்தான் விட்டீர்கள். அதுவும் சட்டப்படி. தொடர்ந்து 24 மாதங்கள் கூலிக்கு நர்சிங் வேலை எதுவும் செய்யாதவர், மறுபடி பயிற்சியும் தேர்வுமோ, தேர்வு மட்டுமோ முடித்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதுவரை அவர் பெயர் செல்லாது. கவனியுங்கள், வேலை செய்திருந்தால் போதாது, அதற்குப் பணம் வாங்கியிருக்க வேண்டும்.

நான் என் மாமியாரிடம் பணம் வாங்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருஷம் ஆகாதவர் என்பதால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடையாது. ஐந்து வருஷம் ஆகியிருந்தாலும் நீண்டநாள் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள மெடிகேர் காசு தராது. ஏழைகளுக்கான மெடிகெய்டு கிடைத்திருந்தால் சில மாநிலங்களில் வீட்டு மனிதர்களுக்கே கூலி உண்டு. அதற்கும் அந்த ஐந்து வருஷக் கதவுதான். இல்லத்தில் சேர்ப்பதற்கான மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வந்த என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. வீட்டில் ஏற்கெனவே தொழில் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பராமரிப்பு இல்லத்து வேலையை விட்டுவிட்டு நான் உட்கார்ந்தேன்.

அதன்பின் இரண்டு வருஷத்துக்கு மேலாக என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கமாட்டீர்கள், தங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன். குதிகாலிலும் முதுகின் அடியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தேன், கடைசிவரை ஒரு படுக்கைப் புண் வரவில்லை. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் புரையேறும் என்பதால் ரசத்தில் கெட்டிப்படுத்தும் பொடியைக் கலந்து, முகவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். (தங்கள் பதிவேட்டில் உள்ள எவருக்கும் ரசத்தைக் கெட்டியாக்கிய பாவம் இருக்காது. அந்த ருசியைப் பற்றி அத்தை சொன்னதை இங்கே எழுத முடியாது.) நைட்டி போடும்போது விழுந்த கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பதும் தங்கள் தேர்வில் மதிப்பெண் உள்ள சமாச்சாரம், அதை ஒருநாளும் மாற்றிச் செய்ததில்லை. இடுப்பில் பெல்ட் கட்டிக் கட்டிலிலிருந்து வீல் சேருக்கு, வீல் சேரிலிருந்து கழிப்பறைக்கு. அழைப்பு மணி நோயாளியின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதும் தேர்வில் உண்டு. அத்தைக்கு மணி தேவைப்படவில்லை. பக்கவாதம் குரலைத் தொடவில்லை.

மேற்பார்வை இல்லாமல் செய்த வேலை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மாமியாரைவிடக் கூர்மையான மேற்பார்வையாளர் எந்த இல்லத்திலும் எனக்கு வாய்த்ததில்லை.

இதற்கு நேர்மாறாக, பல மாநிலங்களில் 24 மாதத்தில் எட்டு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் போதும். அதாவது ஒரே ஒரு ஷிப்ட். அன்று ஒருத்தி காலையில் போய், படுக்கை விரிப்புகளை மாற்றி, சாப்பாட்டுத் தட்டுகளை நகர்த்தி, மதியம் வீடு திரும்பியிருந்தாலும், அவள் கைகள் தொழிலை மறக்கவில்லை. முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நிபுணி. அந்தக் கையெழுத்தும் லேசில்லை என்பதைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். முதியோர் இல்லங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புது நிர்வாகத்தில் பழைய ஆளை யாருக்கும் தெரியாது, தலைமை அலுவலகத்தைக் கேள் என்பார்கள், தலைமை அலுவலகம் வேறொரு மாநிலத்தில் இருக்கும்.

ஆகவே தங்கள் சித்தப்படி மறுபடி தேர்வுக்குப் போகப் போகிறேன். கை கழுவிக் காட்ட வேண்டும், இன்னும் சில காரியங்களைக் குலுக்கிப்போட்டுக் கொடுப்பார்கள். நாடி எண்ணினால் பரிசோதகரின் எண்ணிக்கைக்கு ஒட்டி வர வேண்டும். அந்தரங்க உறுப்பைச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் பல இடங்களில் ஒரு பொம்மையைக் கிடத்தியிருப்பார்கள். அந்தப் பொம்மைக்கு வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, இப்போது என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கி, அதற்குக் கூச்சமாக இருக்குமே என்று திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தொட வேண்டும். மறந்தால் மதிப்பெண் போகும். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. பொம்மைக்குச் செய்வது கணக்கில் வருகிறது, உயிரோடிருந்த கிழவிக்குச் செய்தது வரவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் பிறப்பைப் பற்றிப் படிக்காமல் இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. 1986-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு முதியோர் இல்லங்களின் அவலத்தை ஓர் அறிக்கையாகக் கொண்டுவந்தது. முன்பயிற்சியே இல்லாத பலர் கிழவர்களைக் கவனித்த காலம் அது. மறு ஆண்டு, அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் சீர்திருத்தத்தைச் செருகினார்கள். குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை, பிறகு தேர்வு, பிறகு தாங்கள். தேவையான காரியம். யாரிடம் தன் தாயை ஒப்படைக்கிறோம் என்று ஒரு மகன் தட்டிப் பார்க்க முடிவது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த 75 மணி நேரம் இன்றும் மத்திய விதியில் 75 மணி நேரமாகவே இருக்கிறது. கலிபோர்னியா 160, மேய்ன் 180 என்று சில மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. கலிபோர்னியாவில் பார்பர் உரிமம் வாங்க 1000 மணி நேரம் படிக்க வேண்டும். தலைமுடிக்கு உள்ள மரியாதை அதன் கீழே உள்ள உடம்புக்கு இல்லை. பயிற்சியை நீட்டக் காசு செலவாகும், பெயரை நீக்க ஒன்றும் ஆகாது. அதனால்தான் முதலாவதில் நாற்பது வருஷத் தயக்கமும் இரண்டாவதில் 24 மாதக் கறாரும்.

விதிகளில் இந்தக் கறார் எப்போதும் இருந்ததில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து இல்லங்களில் ஆள் இல்லாமல் போனபோது, மத்திய அரசு 75 மணி நேர நிபந்தனையைத் தூக்கி ஓரமாக வைத்தது. எட்டு மணி நேர ஆன்லைன் பாடம் படித்தவர்களைத் தற்காலிக உதவியாளர்களாகப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. அந்தச் சலுகை 2022-இல் முடிவுக்கு வந்தது. நெருக்கடியில் கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், நெருக்கடி இல்லாதபோது கட்டில் பக்கத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாலும் போதாது. பெரியவர்கள் காரியம், காரணம் இருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கம் தங்கள் இலாகாவில் ஒருவர் இருக்கிறார். சித்திரகுப்தன் என்று பெயர், காஞ்சிபுரத்தில் கோயிலும் உண்டு. எமனுக்குக் கணக்குப்பிள்ளை. அவர் ஏட்டில் பாவத்துக்கு ஒரு பத்தி, புண்ணியத்துக்கு ஒரு பத்தி. தங்கள் ஏட்டில் முதல் பத்தி மட்டும் இருக்கிறது. நோயாளியை அடித்தார், கைவிட்டார், பொருளைத் திருடினார் என்று நிரூபணமானால் பத்து வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும். தேர்வில் தேறியதைப் பதிய முப்பது நாள் அவகாசம். குற்றம் பதிந்தால் அது நிரந்தரம். தவறாகப் பதிந்தது என்று தெரிய வேண்டும், அல்லது நீதிமன்றம் விடுவிக்க வேண்டும், அல்லது அந்த ஆள் இறந்துபோக வேண்டும். அதுவும் செத்தால் மட்டும் போதாது, மாநிலத்துக்குத் தகவல் வர வேண்டும். ஒரே ஒரு முறை நேர்ந்த கவனக்குறைவு என்றால், ஒரு வருஷத்துக்குப் பின் மனுப் போடவும் வழி வைத்திருக்கிறார்கள். இந்தக் கடுமையில் எனக்கு ஒரு எழுத்தும் ஆட்சேபமில்லை. வாயில்லாத கிழவியை அடித்தவன் பெயர் என்றைக்கும் அங்கேயே இருக்கட்டும். அடித்தவனை மறக்காத ஏடு, துடைத்துவிட்டவளை 24 மாதத்தில் மறப்பதுதான் இடிக்கிறது.

தங்கள் உடன்பிறந்த மற்ற நாற்பத்தொன்பது பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நர்சுகளின் உரிமத்தைச் சரிபார்க்க நர்சிஸ் என்று நாடு தழுவிய ஒரு தளம் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே குனிந்து வேலை செய்கிற எங்களுக்கு மாநிலத்துக்கு ஒரு பதிவேடு, மாநிலத்துக்கு ஒரு சம்பிரதாயம். கலிபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு 48 மணி நேரம் தொடர்பயிற்சி வேண்டும். மத்திய விதியில் இல்லங்கள் வருஷத்துக்கு 12 மணி நேரம் கொடுத்தால் போதும். கணவனுக்கு வேலை மாறி மாநிலம் மாறினால், பழைய பதிவேடு 'நடப்பில் உள்ளார்' என்று சொன்னால்தான் புதிய பதிவேடு தேர்வில்லாமல் ஏற்கும். பழையதைப் புதுப்பிக்கக் கூலிக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். ஆளை வேலைக்கு வைக்கும் இல்லமோ, அவர் பெயர் இருக்கக்கூடும் என்று தோன்றும் எல்லாப் பதிவேட்டையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. இத்தனை ஏடுகளையும் ஒரே இடத்தில் தேட அரசு ஒரு வழி செய்யவில்லை.

இனி என் பிரார்த்தனை. வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தவருக்குச் செய்ததை, அவருடைய மருத்துவரோ வீட்டுக்கு வந்துபோன நர்சோ எழுதிக் கொடுத்தால் அந்த 24 மாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கூடாதென்றால், காலாவதியாவதற்குச் சில மாதம் முன்னாலேயே தபாலிலோ போனிலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். குற்றத்தைப் பதியப் பத்து வேலை நாள் போதுமானால், புதுப்பித்தலுக்கும் ஒரு நாள் கணக்கை எழுதி வையுங்கள். போனை எடுக்க ஓர் ஆளை நியமியுங்கள், அவருக்கு எவ்வளவு குறைந்த பயிற்சி இருந்தாலும் பரவாயில்லை.

தங்கள் விசுவாசமுள்ள,
(பெயர் தங்களிடமே இருக்கிறது, என் அப்பா பெயரில்)

பின்குறிப்பு, பதிவேட்டுக்கு அல்ல, இந்த வேலையில் இருக்கும் நம் பெண்களுக்கு: வீட்டில் யாருக்காவது முடியாமல் போய் வேலையை விடுகிறீர்கள் என்றால், விடும் அன்றே தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவித்துவிடுங்கள், அறிவிப்பு வந்தால் பழைய வீட்டுக்குத்தான் போகும். உங்கள் மாநிலம் எத்தனை மணி நேரம் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு, 24 மாதம் முடிவதற்குள் எங்காவது ஒரு இல்லத்தில் அந்த அளவுக்காவது சம்பளத்துக்குப் போய்வாருங்கள். அன்று அத்தையையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ளக் கணவரை லீவு போடச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ரொக்கமாக வாங்கிய கூலிக்குச் சாட்சி இருக்காது.