பன்றி தெரியணும் சார்!

1911-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. பாட்டியின் சொத்தில் என் பங்குக்கு வந்தது அதுவும் ஒரு துருப்பிடித்த பாக்குவெட்டியும்தான். அந்த ரூபாய்க்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர், பன்றி ரூபாய். சக்கரவர்த்தியின் அங்கி மேல் கிடக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானையைப் பொறித்தார்கள். தும்பிக்கை கட்டையாகவும் கால் குட்டையாகவும் அமைந்துவிட்டது. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்களிடையே கொதிப்பு கிளம்பியது. அரசாங்கம் பதறிப்போய் விநியோகத்தை நிறுத்தி, 1912-இல் தும்பிக்கையைத் திருத்தி அச்சடித்தது. ஆகவே 1911-க்குத் தனி மவுசு.

அதை விற்கலாம் என்று இறங்கினேன். வாங்க முன்வந்தவர் போட்டது ஒரே நிபந்தனை. "போட்டோவுல பன்றி தெரியணும் சார்."

ரூபாயின் குறுக்களவே சுமார் 30 மி.மீ.தான். அதில் ராஜா, ராஜாவின் தோளில் சங்கிலி, சங்கிலியில் யானை. செல்போனை எடுத்து ஃபிளாஷைத் தட்டினேன். நடுவில் ஒரு வெள்ளைப் பிழம்பு வந்தது. சக்கரவர்த்தி போன இடம் தெரியவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கிட்டே போனேன். இம்முறை ராஜாவின் கன்னத்தில் என் வழுக்கை துல்லியமாகத் தெரிந்தது. வெள்ளிக்கு அதுதான் குணம், எதிரே என்ன நிற்கிறதோ அதைத் திருப்பிக் காட்டிவிடும். தள்ளி நின்று ஜூம் செய்ய வேண்டும், கேமரா அசையக் கூடாது. பையனின் பிளஸ் டூ கைடுகளை அடுக்கி அதன்மேல் போனை வைத்து டைமர் போட்டேன். அந்தக் கைடுகள் முதன்முறையாக யாருக்கோ பயன்பட்டன.

"கொண்டாடா, புளி போட்டுத் தேச்சுத் தரேன், பளபளன்னு ஆயிடும்" என்றாள் அம்மா. நூறு வருஷத்து மெருகு புளியோடு போனால் விலையும் கூடவே போகும். ரூபாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா தூங்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு பையனின் டேபிள் லாம்ப்பைக் கைப்பற்றினேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் யானை எழும்பி வருகிறது. ஆனால் பாட்டி காலத்துக் கீறல்கள் அத்தனையும் கூடவே எழும்பி வருகின்றன. கீழ்ப்பக்கம் வைத்தேன். ராஜாவின் மூக்கு உள்ளே போய் முகமே பள்ளமாகிவிட்டது! வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை அடம்பிடிப்பதால், கீழிருந்து வந்தால் மேட்டைப் பள்ளமாகப் படித்துவிடுகிறதாம். என் மூளை எந்த விஷயத்திலாவது இத்தனை உறுதியாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். நாணயத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு பத்து மணிக்கு ஒரு விளக்கு, இரண்டு மணிக்கு ஒன்று, இரண்டும் சற்று உயரத்தில். இதுதான் கைகண்ட முறை. இரண்டும் ஒரே ரக பல்பாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் ஒன்று பூஜையறை மஞ்சள் பல்பு. ராஜாவுக்கு ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சக்காமாலை.

வெளிச்சம் முரட்டுத்தனமாக இருந்தால் விளக்கின் முன் பட்டர் பேப்பர் கட்டலாம். கட்டினேன். ஃபேன் காற்றில் அது பறந்தது. ஃபேனை அணைத்தேன், வீடே என்னைத் திட்டியது. பேப்பரை நாணயத்துக்கு ரொம்ப நெருக்கினாலோ மினுமினுப்பெல்லாம் செத்து, வெள்ளி அலுமினியமாகிவிடும்.

கடைசி அஸ்திரம் கண்ணாடி. நாணயத்துக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து, விளக்கைப் பக்கத்திலிருந்து அதன்மேல் அடிக்க வேண்டும். நாணயத்தின் மேல் நேராக விளக்கு படாதபடி ஓர் அட்டை மறைப்பு. வெளிச்சத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டுச் செங்குத்தாக நாணயத்தில் இறங்கும். கேமரா அதே கண்ணாடி வழியாகப் பார்க்கும். சமதளம் பளிச்சென்றும் உருவங்களின் சரிவுகள் கறுத்தும் வரும். அருமையான தத்துவம். இரவு பதினொரு மணிக்கு மெல்லிய கண்ணாடிக்கு எங்கே போவது? கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது.

செல்போனில் படம் விழுந்தது! யானை கொழுகொழுவென்று நின்றது. பையனை எழுப்பிக் காட்டினேன். "எலியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான். வாங்குபவர் தூங்கவில்லை போலிருக்கிறது, உடனே பதில் வந்தது: "பன்றி சூப்பர் சார். அப்படியே வருஷம் இருக்கிற பின்பக்கமும் இதே லைட்டுல அனுப்புங்க."

இதற்குள் வீட்டுக்காரி எழுந்து வந்து, கண்ணாடி போன கல்யாண போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ மாட்டிவிடுகிறேன் என்று இழுத்தேன்.

"வேணாங்க. இத்தனை வருஷமா இதுல நம்ம வீட்டு ட்யூப்லைட்தான் தெரிஞ்சுது. இப்பத்தான் உங்களுக்கு முடி இருந்ததே தெரியுது. கண்ணாடியை நீங்களே வெச்சுக்கங்க."