நடப்பது எப்படி: சொந்த முயற்சியில் நடக்க விரும்புவோருக்கு

இத்தனை நாளும் உங்கள் நடையை உடம்பே பார்த்துக்கொண்டது. இனி அதை நேரடி நிர்வாகத்தில் எடுத்து நடத்தலாம் என்று முடிவு செய்தவர்களுக்காக இந்தக் கையேடு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பயிற்சி செய்வது உத்தமம்.

முதலில் நிற்க வேண்டும். உங்கள் புவியீர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது இரண்டு பாதங்களுக்குள் விழ வேண்டும். வெளியே போனால் நீங்களும் போவீர்கள். சந்தேகமிருந்தால் குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட நின்று, முழங்காலை மடக்காமல் கால்விரலைத் தொடப் பாருங்கள். தலை முன்னே போக வேண்டுமானால் இடுப்பு பின்னே போயாக வேண்டும். சுவர் விடாது. தினமும் யோகா செய்கிறவர்களும் இதில் தோற்பார்கள் என்பது சின்ன ஆறுதல்.

இப்படி நிற்பவரைப் பொறியாளர்கள் தலைகீழ் ஊசல் என்பார்கள். விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியவர்களுக்கு விஷயம் புரியும். விளக்குமாறு நிற்கும், பென்சில் நிற்காது. குட்டையானது சட்டென்று சாய்ந்துவிடும், கை போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். நடை பழகும் குழந்தை தொப்பென்று விழுவதில் அதன் உயரத்துக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் உறவினர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள்.

அடுத்தது தாமதம். நிர்வாகத்தின் தலைவலியே இதுதான். கணுக்கால் சாய்வதைக் கண்ணும் உட்காதும் தசைகளும் மேலே சொல்லி, கெண்டைக்காலுக்கு உத்தரவு திரும்பி வர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். அதாவது, நீங்கள் திருத்துவது எப்போதுமே பழைய சாய்வைத்தான். பதறிப்போய் முழு பலத்தோடு திருத்தினால் மறுபக்கம் சாய்வீர்கள். அதைத் திருத்தினால் இந்தப் பக்கம் இன்னும் அதிகமாக. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்க வைத்த கவர்னர்களே இப்படி ஆட்டம் போட்டதுண்டு. எந்த ஆட்டம் தானாக அடங்கும், எது பெருகும் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சமன்பாடு போட்டுக் காட்டினார்.

உடம்பு இதைச் சமாளிப்பது முன்யோசனையால். நீங்கள் கையைத் தூக்குவதற்கு முன்பே கால் தசை இறுகிவிடுகிறது. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு விலை உண்டு: நின்றுபோன எஸ்கலேட்டரில் கால் வைத்துப் பாருங்கள். ஓடவில்லை என்று கண்ணெதிரே தெரிகிறது. ஆனாலும் உடம்பு ஒரு கணம் முன்னால் சாயும்.

இனி நடை. நிற்பதற்குக் கற்றதையெல்லாம் இப்போது கைவிட வேண்டும். முன்னால் விழத் தொடங்குங்கள். விழுந்து முடிப்பதற்குள் ஒரு காலை முன்னே போடுங்கள். தரையைப் பின்னால் தள்ளினால் உராய்வு உங்களை முன்னால் தள்ளும். ஈரமான குளியலறைத் தரையிடம் இந்த ஒத்துழைப்பை எதிர்பார்க்காதீர்கள். ஊன்றிய காலின் மேல் உடம்பு ஏறி இறங்கும்போது உயரம் வேகமாகிறது, வேகம் உயரமாகிறது. இதற்கு நிர்வாகம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 1990இல் டாட் மெக்கீர் என்ற பொறியாளர் மோட்டாரும் கணினியும் இல்லாத கால்களை ஒரு சரிவில் விட்டுக் காட்டினார். அவை பாட்டுக்கு நடந்து இறங்கின. பத்து ஆண்டு கழித்து வந்த ஹோண்டாவின் ஆசிமோ ரோபோ, அத்தனை மோட்டார்களையும் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கியபடியே நடந்தது.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஊன்றிய காலைச் சுற்றி உடம்பு ஒரு வில்லாக வளைந்து போகிறது. அப்படி வளைத்துப் பிடிப்பது ஈர்ப்பு விசை. கால் 90 செ.மீ. நீளம் என்றால் மணிக்கு 11 கி.மீ.க்கு மேல் அதனால் பிடிக்க முடியாது, பாதம் தரையை விட்டுவிடும். அதற்கு வெகு முன்பே, 7 கி.மீ. வாக்கில், பெரும்பாலோர் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அங்கே உச்ச வரம்பே 4 கி.மீ. சொச்சம்தான். அப்போலோ வீரர்கள் துள்ளித் துள்ளிப் போனது குஷியில் மட்டுமல்ல.