குளிருக்குக் காவல்

தூத்துக்குடியிலிருந்து இறாலும் கணவாயும் ஏற்றிப் போகும் குளிர்பதனக் கன்டெய்னரை ரீஃபர் என்போம். 1990-களில் நான் ரீஃபர் வேலைக்கு வந்தபோது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. பெட்டியின் முகப்பில், சின்னக் கண்ணாடிக் கதவுக்குள், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டத் தாள். பார்ட்லோ சார்ட் என்று பெயர். 31 நாளில் அது ஒரு முழுச் சுற்று சுற்றும். அதன்மேல் பதிந்து நிற்கும் ஊசி வெப்பநிலையைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். மை கிடையாது. அழுத்தம் பட்டாலே கோடு விழும் தாள் அது. அதனால் நகம் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் மாட்டுவோம். கன்டெய்னர் எண், கப்பல் பெயர், மாட்டிய தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால், அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பவர் வேறொரு நாட்டில் இருப்பார்.

யார்டில் பெட்டி நிற்கும்வரை அதற்குக் காவல் நாங்கள். அட்டையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்போம். மேலடுக்குப் பெட்டிக்கு ஏணி. செட் பாயின்ட் (வைக்கச் சொன்ன வெப்பநிலை) என்ன, உள்ளே என்ன காட்டுகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்வோம். இறாலுக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கும் கீழே. எங்களோடு இருந்த மூத்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி எழுதுவதற்கு முன்னால் காதைக் கொடுப்பார். கம்ப்ரசர் எந்தச் சுருதியில் ஓடுகிறது, காற்றாடி ஓடுகிறதா, 440 வோல்ட் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா எல்லாம் அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.

ஒருநாள் புதிதாக வந்த பையன் ஓடிவந்தான். "அண்ணாச்சி, மூணாவது வரிசைல ஒரு பொட்டி சத்தமே இல்லாம கெடக்கு!"

"டீஃபிராஸ்ட்ல இருக்கும்ல. சுருள்ல பிடிச்ச பனிய உருக்குது. அரை மணி கழிச்சுப் போய்ப் பாரு. அப்பவும் சத்தமில்லன்னா என்னைக் கூப்பிடு."

அரை மணி கழித்துப் பெட்டி ஓடத் தொடங்கியது. ஓடாமல் இருந்திருந்தால் அண்ணாச்சியே ஸ்பேனரோடு போயிருப்பார். பார்த்தவரும் சரிசெய்பவரும் ஒரே ஆள். அந்தக் காலத்து ஏற்பாட்டில் நான் இன்றும் மதிப்பது இதைத்தான்.

பெட்டி கப்பல் ஏறிவிட்டால் கதை வேறு. ஃபீடர் கப்பலில் கொழும்பு, அங்கே இறங்கிக் காத்திருப்பு, பிறகு பெரிய கப்பல். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பிளக்கைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கப்பலில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துக் குறிப்பார். ஆனால் கரையில் இருக்கும் எங்களுக்கும், சரக்கை அனுப்பியவருக்கும், வாரக்கணக்கில் ஒரு தகவலும் வராது. ஃபேக்ஸ் வந்தால் பயந்துகொண்டே எடுப்போம்.

அப்படி வந்த ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. ஐரோப்பாவில் கதவைத் திறந்தபோது அட்டைப்பெட்டிகளின் அடிப்பக்கம் நனைந்து, மறுபடி உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே இறால் கட்டியின் வடிவம் கோணியிருந்தது. உருகி மீண்டும் உறைந்த சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள். சார்ட்டில் கோடு ஓர் இடத்தில் வெளியே புடைத்து, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. புடைப்பு விழுந்த நேரம் துறைமுகமா, கடலா? சார்ட்டின் கடிகாரம் சற்று முன்பின்னாக ஓடக்கூடியது என்று கப்பல் தரப்பு சொன்னது. தங்கள் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று துறைமுகம் சொன்னது. காப்பீட்டுக்காரர் இருவர் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டார். பணம் முடங்கியது ஏற்றுமதியாளருக்கு மட்டுமல்ல. பண்ணைக்காரருக்குப் பாக்கி நின்றது, தோல் உரிக்கும் ஷெட்டில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை பார்த்த பெண்களுக்குக் கூலி தள்ளிப்போனது. அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பேசியது எல்லாம் முடிந்த பிறகு.

பிறகு காலம் மாறியது. வட்டத் தாள் போய், பெட்டியின் கணினியே மணிக்கு மணி பதிவு செய்யத் தொடங்கியது. மின்கம்பி வழியாகவே தகவலை எடுக்கும் முறைக்கு 1992-இலேயே ஐ.எஸ்.ஓ. 10368 என்ற தரம் வந்திருந்தது. அதற்குப் பின் மோடமும் சிம்கார்டும் ஜி.பி.எஸ்ஸும் பெட்டியிலேயே ஏறின. நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தகவல் கரைக்கு வரும். மெர்ஸ்க் நிறுவனம் 2017-இல் இந்தக் கண்காணிப்பைச் சரக்கு அனுப்புபவர்களுக்கே திறந்துவிட்டது. அட்டைப்பெட்டிக்குள் போட்டு வெப்பநிலையைப் பதியும் புளூடூத் லாகர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்று ஏற்றுமதியாளர் வீட்டில் உட்கார்ந்தே போனில் பார்க்கிறார்: உள்ளே போகும் காற்றின் குளிர் எவ்வளவு, திரும்பி வரும் காற்றின் குளிர் எவ்வளவு, மின்சாரம் இருக்கிறதா, பெட்டி எந்தக் கடலில் இருக்கிறது. அந்தப் புடைப்பு இன்று விழுந்தால் எந்த இடம், எந்த மணி என்று சண்டை போட வேண்டியதில்லை. கோளாறு தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் ஆளையும் உதிரிப் பாகத்தையும் தயாராக வைக்கலாம். நாங்கள் ஏங்கியது இதற்குத்தான். இதைக் கண்ணால் பார்த்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் அண்ணாச்சியின் காலத்தில் ஒட்டியிருந்த இரண்டு இப்போது பிரிந்துவிட்டன. பார்ப்பவர் ஒரு தேசத்தில், பிளக் இன்னொரு தேசத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டிரெய்லர் தூத்துக்குடி நோக்கி வந்துகொண்டிருந்தது. ரீஃபருக்கு மின்சாரம் கொடுக்கும் ஜென்செட் வழியில் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை என்று கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி போனது, வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்குப் போனது, ஏற்றுமதியாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகப் போனது. ஓட்டுநருக்கு மட்டும் போகவில்லை. அவருடைய எண் செய்தி போகும் பட்டியலில் இல்லை. கேபினில் பாட்டுச் சத்தம், என்ஜின் சத்தம். பின்னால் ஜென்செட் நின்றது அவர் காதில் விழவில்லை. துறைமுக வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. "சார், எனக்கு ஒரு போன் போட்டிருந்தா ஓரங்கட்டி அங்கயே பாத்திருப்பேனே" என்று அவர் சொன்னபோது யாரிடமும் பதில் இல்லை. சரக்கு தப்பியது, நன்றாக உறைந்திருந்ததால். செய்தி எத்தனை கண்டம் தாண்டினாலும், ஜென்செட்டுக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரை எட்டவில்லை என்றால் அந்த ஏற்பாட்டில் பாதிதான் முடிந்திருக்கிறது என்பேன். ஓட்டுநரின் எண்ணையும் யார்டு எலக்ட்ரீஷியன் எண்ணையும் அந்தப் பட்டியலின் தலையில் எழுத வேண்டும். செலவில்லாத வேலை.

இன்னொன்றும் உண்டு. பெட்டியின் சென்சார் அளப்பது காற்றை, இறாலை அல்ல. ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோஸ்டாரிகாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வாழைப்பழ ரீஃபர்களில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வயர்லெஸ் சென்சார்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே கன்டெய்னருக்குள் ஓரிடம் சீக்கிரம் குளிர்கிறது, இன்னோரிடம் தாமதமாகக் குளிர்கிறது. வாழைக்காய் அறுத்த பிறகும் மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது. காற்று நன்றாகப் போகாத இடத்தில் அந்தச் சூடு தங்கிவிடும். அதோடு, காயில் இருக்கும் நீரே ரேடியோ அலையை விழுங்குவதால் நடுவில் இருக்கும் சென்சாரின் குரல் வெளியே வருவதே பாடு. சுற்றிலும் உலோகம் வேறு. வயர்லெஸ் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீரும் இரும்பும் நிறைந்த பெட்டிக்குள் அது அவ்வளவு எளிதல்ல.

வாழையைச் சூடாகவே ஏற்றி வழியில் குளிரவைப்பதுண்டு. உறைந்த இறாலுக்கு அது ஆகாது. ரீஃபர், உள்ள குளிரைக் காக்கும் பெட்டி. உறையவைக்கும் அறை அல்ல. அரைகுறையாக உறைந்த சரக்கை ஏற்றினால் காற்றின் எண் சில மணி நேரத்தில் அழகாக மைனஸ் 18-க்கு வந்துவிடும், கட்டியின் நடு மட்டும் வெகுநேரம் பின்தங்கியே நிற்கும். போனில் எல்லாம் சரியாகத் தெரியும்.

அதனால்தான் ஏற்றும் தளத்தில் டிரில்லோடு நிற்கும் இன்றைய பையன்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. போன மாதம் ஒரு பதனிடும் நிலையத்தில் பார்த்தேன். அட்டையைப் பிரித்து, உறைந்த கட்டியில் துளை போட்டு, வெப்பமானியின் கம்பியை உள்ளே செருகி, எண் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான் ஒருவன். மைனஸ் 11. அடுத்த அடுக்கிலும் ஏறத்தாழ அதே எண். வெளியே டிரெய்லர் காத்திருந்தது, கப்பலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பையன் அசையவில்லை. "இதை ஏத்த முடியாது சார். திரும்ப பிளாஸ்ட் ஃப்ரீசருக்குள்ள விடுங்க" என்றான். சரக்கு உள்ளே போனது. அந்தப் பெட்டி அடுத்த கப்பலில் ஏறியது.