தண்ணீர்மலைக்குத் தண்ணீர் கொண்டுபோன மச்சான்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பயண வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் நெருங்கினால் தூக்கம் போய்விடும். வண்டிக் குழாய்களில் மிஞ்சிய தண்ணீர் உறைந்து உப்பிக் குழாயையே பிளந்துவிடும். அதனால் டாங்கியைக் காலி செய்து, குழாய்க்குள் காற்றடித்து, உறையாமல் காக்கும் ரோஸ் நிறத் திரவம் ஒன்றை உள்ளே விட்டு மூடிவைக்கிறார்கள். இதை யூடியூப்பில் பார்த்த என் மச்சான், அந்தத் திரவத்தைத் தேடி எங்கள் ஊரான கோலா கெத்திலில் தொடங்கி சுங்கை பட்டாணி வரை ஹார்ட்வேர் கடைகளில் ஏறி இறங்கினார். பாலிங் மாவட்டத்தில் தண்ணீர் உறைவது ஐஸ் கச்சாங்கில் மட்டும்தான் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, பயண வீடாக மாற்றியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை. ஆனால் அவர் பெருமையெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது: 60 லிட்டர் டாங்கி, 12 வோல்ட் பம்ப், அங்கிருந்து சிங்க்குக்கு ஏறும் கண்ணாடி டியூப். பைப்பைத் திறந்தால் குழாயில் அழுத்தம் குறையும், பம்ப் தானாக ஓடும். மூடினால் தானாக நிற்கும். வேனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை கை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். ஏற்கெனவே கழுவிவிட்டு வந்தவர்களுக்கும் விலக்கு கிடையாது.

முதல் பயணம் தைப்பூசத்துக்கு, பினாங்குத் தண்ணீர்மலைக்கு. டாங்கியைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெத்தில் ஆறு எங்கள் ஊரில்தான் மூடா ஆற்றோடு சேர்கிறது. மூடா ஆறு கீழே போய்க் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு மாநிலம் தன் குடிநீரில் பெரும்பகுதியை அதிலிருந்துதான் எடுக்கிறது. அந்தத் தண்ணீருக்குக் காசு கொடு என்று கெடாவும், ஆற்றுக்கு எதற்குக் காசு என்று பினாங்கும் பல வருடங்களாக மல்லுக்கட்டுகின்றன. ஆக, எங்கள் ஊர்த் தண்ணீர் தன்பாட்டுக்குப் பினாங்கு போய்க்கொண்டிருக்க, மச்சான் அதையே பெட்ரோல் போட்டு, டோல் கட்டி ஏற்றிக்கொண்டு போனார். போன இடத்திலோ வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மோரையும் சிராப்பையும் கையில் திணிக்கிறார்கள். டாங்கித் தண்ணீரைச் சீண்டுவாரில்லை. போன தண்ணீரில் முக்கால்வாசி முருகனைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பியது.

“அடுத்த பயணத்துக்குத் தயாரா இருக்கட்டும்” என்று மச்சான் அதை அப்படியே விட்டுவைத்தார். வேன் வாசலில் வெயில் காய்ந்தது.

தேங்கிய தண்ணீர் சும்மா இருப்பதாகத்தான் நமக்குத் தெரியும். பைப் தண்ணீருக்குக் காவலாக அதில் கொஞ்சம் குளோரின் இருக்கிறது. சூட்டில் நாள்பட நிற்கும்போது அந்தக் காவல் மெல்லக் கழன்றுகொள்ளும். பிறகு கிருமிகள் டாங்கிச் சுவரில் ஒட்டி, வழவழப்பாக ஒரு படலம் போட்டு, குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். கண்ணாடி டியூப்பில் வெளிச்சமும் விழுவதால் பாசி வேறு. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களைக் கூட்டமாகச் சாய்த்து, அவர்கள் சங்கத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு, 25 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீர்தான் கொண்டாட்டம். குளிர் நாட்டில் அந்தச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் இலவசமாகச் செய்து தருகிறது.

பள்ளி விடுமுறைக்கு உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குப் போவதாக ஏற்பாடு. தண்ணீருள்ள இடமாகப் பார்த்துத் தண்ணீர் சுமந்து போவதே மச்சானின் பயணக் கொள்கை. கிளம்புவதற்கு முதல்நாள் சோதித்துப் பார்க்கப் பைப்பைத் திறந்தார். பம்ப் அலறியது. பைப் இருமியது, துப்பியது, நின்றது. அப்புறம் ஒரு வாடை வந்தது. அக்கா வேனை விட்டு இறங்கி, வீட்டைத் தாண்டி, தெருவுக்கே போய்விட்டாள்.

நானும் மச்சானும் வேனுக்கு அடியில் படுத்தோம். டாங்கியிலிருந்து தண்ணீர் வெளியே போனால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று விரல் தடிமனில் ஒரு காற்றுக் குழாய் தரைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயை மண்குளவி ஒன்று கொத்தனார் பூசியதைப்போல வழித்துப் பூசி அடைத்திருந்தது. மச்சான் குச்சியால் நோண்டினார். மண்கட்டியோடு மயங்கிக் கிடந்த சிலந்திகள் அவர் சட்டையில் விழுந்தன. குளவி தன் குஞ்சுக்குக் கட்டிவைத்த சாப்பாடு அது. வேனைச் சரியாகப் பயன்படுத்திய ஒரே குடும்பம் அந்தக் குளவிக் குடும்பம்தான். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றினால், பச்சையும் பழுப்புமாக ஒரு கொழகொழப்பு விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் குடும்பத்தை நடத்தியவர். யாரையும் நாலு வார்த்தை கேட்டுவிடுவார். ஆனால் மாப்பிள்ளையை மட்டும் மரியாதையாகத்தான் கேட்பார்.

“என்ன மாப்பிள்ளை, டாங்கிக்குள்ள மீன் வளக்கிறீங்களா?”

“இல்ல அத்தை, இது வாட்டர் சிஸ்டம்.”

“அப்படிங்களா. நான் நாத்தம்னு நினைச்சிட்டேன்.”

லயத்து வீட்டில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பொதுப் பைப்தான். தண்ணீர் வரும் நேரத்துக்கு வாளியோடு நிற்க வேண்டும். பிடித்ததெல்லாம் வீட்டுப் பின்னால் இருக்கும் டிரம்முக்குப் போகும். அடித் தண்ணீர் வரை புழங்கித் தீர்த்து, தேங்காய் நாரால் உரசிக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்த பிறகுதான் அம்மா மறுபடி நிரப்புவார். “புழங்கு, இல்லாட்டிக் கவுத்து.” அவருடைய வாட்டர் சிஸ்டத்துக்கு இந்த மூன்று வார்த்தைகள்தான் கையேடு. மச்சான் யூடியூப்பில் மணிக்கணக்காகப் பார்த்ததையும் பிழிந்தால் இதுதான் மிஞ்சும்: ஓடாத நாளில் டாங்கியில் சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது.

ஆனால் வேன் டாங்கியைக் கவிழ்க்க முடியாது, தேங்காய் நாரும் உள்ளே போகாது. அதற்குத்தான் பிளீச். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 5 சதவீத பிளீச் என்றால், லிட்டருக்கு 1 மில்லி போதும். 60 லிட்டர் டாங்கிக்கு 60 மில்லி, அதாவது நாலு மேசைக்கரண்டி. மச்சான் அரைப் போத்தலைக் கவிழ்க்கப் போனார். தடுத்ததும், கூட வினிகர் சேர்க்கலாமா என்றார். பிளீச்சும் வினிகரும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. டாங்கியோடு மச்சானும் சுத்தமாகியிருப்பார். அளந்து ஊற்றி, டாங்கியை நிரப்பி, பைப்பில் பிளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு, மூடி, நாலு மணி நேரம் ஊறவிட்டோம். பிறகு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசினோம். காற்றுக் குழாயின் வாயில் கம்பி வலை கட்டினோம். கண்ணாடி டியூப்பை எடுத்துவிட்டு, குடிதண்ணீருக்கான கறுப்புக் குழாய் போட்டோம்.

அம்மாவின் கண் இன்னொன்றிலும் இருந்தது. சிங்க் தண்ணீர் வடிய வேனுக்கு அடியில் மச்சான் வைத்திருந்த வாளி. மழையில் அது நிரம்பிக் கிடந்தது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் திரும்பிப் பார்க்காது. இப்படித் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-ல் வந்த சட்டத்தின்படி, வீட்டில் கொசுப் புழு கண்டால் அபராதம் உண்டு. சுகாதார இலாகாக்காரர்கள் டார்ச் லைட்டோடு எங்கள் வரிசைக்கு வந்தபோது வாளி கவிழ்ந்து கிடந்தது. அம்மா இப்போதும் விடாமல் வைத்திருக்கும் டிரம்மில் அவர்கள் கொடுத்த அபேட் மருந்து கிடந்தது. வேனையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். “நம்ம சிஸ்டம் அப்படி” என்றார் மச்சான்.

அதிலிருந்து அவர் முழுக்கக் காயவைக்கும் கட்சிக்கு மாறிவிட்டார். பயணம் முடிந்து வந்ததும் வடிகால் திறந்திருக்கும், பைப் திறந்திருக்கும், டாங்கி காய்ந்து கிடக்கும். இருக்கும் ஈரத்தை உறிஞ்ச உள்ளே காற்றாடி விடலாமா என்றுகூட யோசித்தார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் பெரிய குழாய் உடைந்து எங்கள் தாமான் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. 60 லிட்டர் ஞாபகத்தில் அக்கம்பக்கத்தார் வாளியும் கையுமாக வேன் முன்னால் கூடிவிட்டார்கள். எல்லாரும் முன்பு அங்கே கை கழுவியவர்கள்தான். டாங்கியை ஏன் காயவைக்க வேண்டும் என்று மச்சான் அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். படலத்தில் தொடங்கி ஃபிலடெல்ஃபியாவை அவர் நெருங்கியபோது, வேன் முன்னால் இருந்த கூட்டம் டிரம் முன்னால் போய் நின்றிருந்தது. அம்மா ஆளுக்கு ஒரு வாளி முகந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

வரிசையில் கடைசி ஆளாக மச்சானும் வாளியோடு போய் நின்றார். வாளி நிறைந்தது. மனசு மட்டும் கேட்கவில்லை.

“இதுக்கு ஒரு பம்ப் வச்சித் தரட்டுமா அத்தை?”